ஏட்டில் விழுந்த கேள்விக்குறி



விஜயதசமி நாளிலே பிள்ளைக்கு எழுத்தறிவிப்பதை நாம் இன்றும் 'ஏடு தொடக்குதல்' என்றே சொல்லி வருகின்றோம். தாம்பாளத்திலே பச்சையரிசியைப் பரப்பிப் பிள்ளையின் விரலைப் பிடித்து எழுதுவிக்கின்றோம். அங்கே ஏடு இல்லை. ஏட்டின் பெயர் மாத்திரமே எஞ்சியிருக்கின்றது. ஏடு எப்படிப் போயிற்று, போன ஏடு இப்பொழுது எந்த உருவத்திலே திரும்பி வருகின்றது என்பதையே இன்று உங்களோடு பேச விரும்புகின்றேன். அதற்கு முதலில் என் வீட்டுக் கதையொன்றைச் சொல்ல வேண்டும்.

என் தாயாரின் தந்தையார், அதாவது எங்கள் அம்மப்பா, பெரியநீலாவணையிலே கைராசியுள்ள பரிகாரியாராக விளங்கியவர். அவரிடம் ஒரு வாகட ஏடு இருந்தது. 2003 ஆம் ஆண்டிலே வந்தாறுமூலைப் பல்கலைக்கழகத்தில் நான் படித்துக்கொண்டிருந்தபோது, ஓர் ஒப்படைக்காக அந்த ஏட்டில் பதினெட்டு ஓலைகளைப் படித்துக் கணனியிலே பதிந்தேன். அக்காலத்தில் எங்களுக்குக் கிடைத்தது பாமினி எழுத்துருதான். பிள்ளைகளின் மாந்தத்துக்குக் கொடுக்கும் குளிசை ஒன்றின் செய்முறையில், சாதிலிங்கம் எவ்வளவு சேர்க்க வேண்டும் என்ற இடத்தில் ஒரு பின்னக் குறி கீறப்பட்டிருந்தது. அது எனக்கு விளங்கவில்லை. விளங்கியிருந்தாலும் பாமினியில் அதற்கு எழுத்து இல்லை. ஆகவே அந்த இடத்திலே ஒரு கேள்விக்குறியைப் போட்டுவிட்டு, ஊருக்குப் போகும்போது அம்மப்பாவிடம் கேட்டுத் திருத்தலாம் என்று எண்ணினேன். கேட்கவில்லை. 2004 மார்கழி 26 இல் கடல் வந்தது. அம்பாறை மாவட்டத்தில் மட்டும் பத்தாயிரத்துக்கு மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோன அந்தக் காலையிலே அம்மப்பாவும் போனார். பரணிலே மஞ்சள் துணியிற் கட்டியிருந்த ஏடும் போயிற்று.

விடுதியிலிருந்த என் பெட்டிக்குள் 'புளொப்பி' தட்டு தப்பிக் கிடந்தது. இன்றும் என்னிடம் இருக்கின்றது. அதனைத் திறக்கும் கணனி எங்கும் இல்லை. நல்வினையாக ஒப்படையின் அச்சுப்படி பதினொரு பக்கங்கள் கிடைத்தன. அதிலே ஆறாம் பக்கத்தில் அந்தக் கேள்விக்குறி அப்படியே நிற்கின்றது. இலிங்கம் பாதரசம் கலந்த சரக்கு என்பது தமிழ் வைத்தியம் அறிந்தவர்களுக்குத் தெரியும். அளவு தப்பினால் மருந்து நஞ்சாகும்.

இதனை என் குற்றமாகவே நான் சொல்லுகின்றேன். ஆனால் ஏட்டைப் படி எடுத்தவர்கள் எல்லோருக்கும் இப்படியொரு கேள்விக்குறி நேர்ந்திருக்கும் என்பதையும், பலர் அதனைப் போடாமலே கடந்திருப்பார்கள் என்பதையும் நினைக்கும்போதுதான் பொருளின் பாரம் தெரிகின்றது.

பனையோலை நெடுநாள் வாழ்வதில்லை. நம் நாட்டின் வெக்கையிலும் ஈரத்திலும் செல்லுக்கும் பூச்சிக்கும் தப்பி இருநூறு, முந்நூறு ஆண்டு நின்றாலே பெரிது. ஆகையால் சங்கநூல்கள் உட்பட நம் பழைய நூல்கள் யாவும் படியின் படி, அதன் படி என்று கைமாறி வந்தவையே. பத்தொன்பதாம் நூற்றாண்டிலே அச்சு வந்தபோது, இந்தச் சங்கிலியின் கடைசிக் கண்ணியைப் பிடித்தவர்கள் நமது பதிப்பாசிரியர்கள். யாழ்ப்பாணத்துச் சிறுப்பிட்டியில் 1832 இல் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை அவர்கள் 1868 இல் தொல்காப்பியச் சொல்லதிகாரத்தையும், 1885 இல் பொருளதிகாரத்தையும், 1887 இல் கலித்தொகையையும் அச்சேற்றினார்கள். கட்டவிழ்க்கும்போதே ஏடு நொறுங்குவதைக் கண்டு அவர் மனம் நொந்து எழுதியதைத் தமிழ் படித்தோர் அறிவர். அதே 1887 இல் உ. வே. சாமிநாதையர் அவர்கள் சீவகசிந்தாமணியையும், தொடர்ந்து 1892 இல் சிலப்பதிகாரத்தையும், 1894 இல் புறநானூற்றையும் தந்தார்கள்.

இப்பெரியார்கள் என்ன செய்தார்கள்? ஊரூராய்ச் சென்று ஏடு தேடினார்கள். கிடைத்தவற்றை ஒன்றோடொன்று ஒப்பிட்டார்கள். ஓர் ஏட்டில் ஒருவிதமாகவும் மற்றோர் ஏட்டில் வேறுவிதமாகவும் இருந்தால், தம் புலமையினால் ஒன்றைத் தெரிந்தெடுத்து மற்றதை அடிக்குறிப்பிலே பிரதிபேதமாகக் காட்டினார்கள். அந்தத் தெரிவு எத்துணை இடர்மிக்கது என்பதை இன்றைய மாணவர் உணர்வதில்லை. பழைய ஏட்டில் மெய்யெழுத்துக்குப் புள்ளி இராது. எகரத்துக்கும் ஏகாரத்துக்கும், ஒகரத்துக்கும் ஓகாரத்துக்கும் கொம்பிலே வேறுபாடு இராது. ரகரமும் ஆகாரக் காலும் ஒரே வடிவம். நான் வகுப்பிலே ஒரு சொல்லைக் கரும்பலகையில் ஏட்டு முறைப்படி எழுதிக் காட்டுவதுண்டு. பாதி வகுப்பு 'பாவை' என்னும். மறுபாதி 'பரவை' என்னும். இரண்டும் சரி. ஒன்று பெண், மற்றது கடல். இன்னொரு சொல்லை எழுதினால் 'கெட்ட' என்பாரும் உளர், 'கேட்ட' என்பாரும் உளர். பாட்டின் பொருளும் யாப்பும் அறிந்தவனே இதனைத் தீர்ப்பான். சில இடங்களில் அவனாலும் முடியாது.

பதிப்பாசிரியர் தீர்த்து வைத்ததை நாம் அச்சிலே காண்கின்றோம். அவர் எதனைப் பார்த்துத் தீர்த்தார் என்பதை நாம் காணமுடியாது. ஏடு அவர் மேசையோடு நின்றுவிடுகின்றது.

நமது கிழக்கிலங்கையில் இது வெறும் இலக்கிய வினா அன்று. 1962 இல் வித்துவான் எப். எக்ஸ். சி. நடராசா அவர்கள் 'மட்டக்களப்பு மான்மியம்' என்னும் நூலைப் பதிப்பித்தார்கள். இப்பகுதியின் குடிவழி, கோயில் உரிமை, குடியேற்றம் ஆகியவற்றைப் பேசும் ஏட்டுச் செய்திகளை அச்சில் தந்த நூல் அது. 2005 இல் சா. இ. கமலநாதன், கமலா கமலநாதன் ஆகிய இருவரும் 'மட்டக்களப்புப் பூர்வ சரித்திரம்' என்ற பெயரிலே மற்றொரு பதிப்பை வெளியிட்டார்கள். இரண்டையும் அருகருகே வைத்துப் படிப்பவர் வேறுபாடுகளைக் காண்பர். எந்தக் கோயிலில் எந்தக் குடிக்கு முன்னீடு என்ற வழக்கு இன்றும் நம் ஊர்களில் எழுவதுண்டு. அப்போது இந்த நூல்களே சாட்சிக்கு அழைக்கப்படுகின்றன. சாட்சி சொல்லும் வரி ஏட்டிலுள்ளதா, படி எடுத்தவன் சேர்த்ததா, அச்சுக்குக் கொடுத்தபோது தெளிவுக்காகத் திருத்தியதா? ஏட்டின் படம் ஒன்று நூலோடு சேர்ந்திருந்தால் இந்தக் கேள்விகளிற் பல அரைமணி நேரத்தில் முடிந்திருக்கும். அன்று அதற்கு வழி இல்லை. பதிப்பித்தவர்களை நான் குறைகூறவில்லை. அவர்கள் இல்லையேல் இந்த வரலாறு கறையானின் வயிற்றிலே கிடந்திருக்கும்.

கறையானுக்கு முன்பே சில ஏடுகள் கப்பலேறிவிட்டன என்பதையும் சொல்ல வேண்டும். பிரித்தானிய ஆட்சிக் காலத்திலே இலங்கையிற் பணிபுரிந்த ஹியூ நெவில் என்னும் அதிகாரி ஏடு சேர்ப்பதில் பெரும்பித்து உடையவர். 1897 இல் அவர் இறந்தபின், இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட அவருடைய சுவடிகளை 1904 இல் பிரித்தானிய நூதனசாலை வாங்கிக்கொண்டது. பெரும்பாலானவை சிங்கள ஏடுகள். தமிழ் ஏடுகளும் உண்டு. இலண்டன் போகும் வசதி படைத்த ஆய்வாளர் பார்த்தார், நாம் பார்க்கவில்லை. அங்கே இருந்தவை பிழைத்தன. இங்கே இருந்தவற்றின் கதை வேறு. 1981 ஜூன் மாதத் தொடக்கத்தில் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்களோடு ஏட்டுச்சுவடிகளும் சாம்பராயின. வடக்கிலே நெருப்பு, கிழக்கிலே தண்ணீர்.

இந்தப் பின்னணியிலேதான் எண்ணிமப் படத்தின் வருகையை நோக்க வேண்டும். புதுச்சேரியிலே 1955 இல் தொடங்கிய பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் சைவ ஆகமச் சுவடிகளைத் திரட்டியது. அதனிடமும் அங்குள்ள மற்றொரு பிரெஞ்சு ஆய்வகத்திடமும் உள்ள ஏறத்தாழ 11,000 சுவடிகள் 2005 இல் யுனெஸ்கோவின் உலக நினைவகப் பதிவேட்டிலே சேர்ந்தன. ஜேர்மனியின் ஹம்பேர்க் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த ஈவா வில்டன் என்னும் பேராசிரியை, தமிழகத்துச் சுவடிச்சாலைகளில் உள்ள சங்கநூல் ஏடுகளைப் படம்பிடித்து மீண்டும் எழுத்தெழுத்தாக ஒப்பிட்டு, 2008 இல் நற்றிணையையும் 2010 இல் குறுந்தொகையையும் பதிப்பித்தார். நமது நாட்டிலே 2005 இல் தொடங்கிய 'நூலகம்' என்ற தன்னார்வ முயற்சி, அச்சு நூல்களோடு நில்லாது, பிரித்தானிய நூலகத்தின் அருகிவரும் ஆவணங்களுக்கான திட்டத்தின் துணையோடு வடபகுதி ஏடுகளையும் படம்பிடித்து வைத்திருக்கின்றது. அதனை எந்தச் செலவுமின்றி எவரும் பார்க்கலாம். என் மாணவர் தம் கைத்தொலைபேசியிலே யாழ்ப்பாணத்து ஏடொன்றைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, "சேர், இதில புள்ளியே இல்லை!" என்று கூவியபோது, என் இருபதாண்டுக் கற்பித்தலில் நான் சொல்லிப் புரியவைக்க முடியாததை ஒரு படம் புரியவைத்துவிட்டது என்று எண்ணிக்கொண்டேன்.

படம்பிடிப்பது முதற்படியே. கண்ணுக்குத் தெரியாததைத் தெரியவைக்கும் படி ஒன்று உண்டு. அதுதான் கேட்பதற்குச் சுவையானது.

கிரேக்கப் பேரறிஞன் ஆர்க்கிமிடிசின் நூல்கள் பத்தாம் நூற்றாண்டிலே தோலில் எழுதப்பட்டிருந்தன. 1229 இல் ஒரு துறவி அந்தத் தோலைச் சுரண்டிக் கழுவி, அதன்மேல் பிரார்த்தனைப் புத்தகம் எழுதிவிட்டார். 1998 இல் இருபது இலட்சம் டொலருக்கு ஏலம் போன அந்தப் புத்தகத்தை அமெரிக்காவின் பால்ற்றிமோர் நகரத்து நூதனசாலையிலே பல நிற ஒளிகளால் படம்பிடித்தார்கள். அப்படியும் தெரியாத பக்கங்களை ஸ்ரான்போர்ட்டுக்குக் கொண்டுபோய் எக்ஸ் கதிரின் கீழ் வைத்தார்கள். பழைய மையிலே இரும்பு உண்டு. மை மறைந்தாலும் இரும்பு தோலிலே தங்கும். கதிர் பட்டதும் அந்த இரும்பு தன் இருப்பைக் காட்ட, எழுநூறு ஆண்டாக மறைந்திருந்த எழுத்துக்கள் எழுந்து வந்தன.

இரும்பு இல்லாத மையென்றால்? இத்தாலியிலே கி. பி. 79 இல் வெசூவியஸ் எரிமலை வெடித்தபோது ஹேர்குலேனியம் என்ற நகரத்தின் நூல்நிலையம் ஒன்று கருகிப் புதைந்தது. பப்பிரசுச் சுருள்கள் கரிக்கட்டைகளாயின. எழுதிய மையும் கரி. எழுதப்பட்ட சுருளும் கரி. விரித்தால் தூளாகும். கென்ரக்கிப் பல்கலைக்கழகத்துப் பிரென்ட் சீல்ஸ் என்பவர் சுருளை விரிக்காமலே கதிர்ப்படம் எடுத்துக் கணனிக்குள்ளே விரித்தார். ஆனாலும் மை தெரியவில்லை. 2023 இல் அந்தப் படங்களை உலகுக்கெல்லாம் திறந்துவிட்டுப் போட்டி வைத்தார்கள். அந்த ஆண்டு ஒக்ரோபரிலே ஒரு மாணவன் கணனிக்குப் பழக்கிய கண்ணுக்கு முதற்சொல் தெரிந்தது: கிரேக்க மொழியில் 'ஊதா நிறம்'. 2024 மாசியில் மூன்று இளைஞர்கள் ஏழு இலட்சம் டொலர் பரிசு பெற்றபோது இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட எழுத்துக்கள் வாசிக்கப்பட்டிருந்தன.

நமது ஏட்டிலும் கரிதான் பூசப்படுகின்றது. ஆனால் நமது முன்னோர் எழுதவில்லை, கீறினார்கள். எழுத்தாணி ஓலையைப் பிளந்த தடம் இருக்கின்றது. கரி உதிர்ந்து, ஓலை பழுப்பேறி எழுத்துத் தெரியாத ஏட்டை விளக்கின் முன் பக்கவாட்டிலே சாய்த்துப் பிடித்தால், தடத்தின் ஒரு கரை ஒளிரும், மறுகரை நிழல்விழும், எழுத்துப் புலப்படும். அம்மப்பா தம் ஏட்டைக் குப்பி விளக்கருகே இப்படித்தான் சாய்த்துப் பார்ப்பார். 2001 இல் அமெரிக்காவிலே ரொம் மால்ஸ்பெண்டர் என்பவர் முன்வைத்த முறையும் அடிப்படையில் இதுவே. ஒரு பொருளை அசையாமல் வைத்து, ஒளியை மட்டும் பல திசைகளிலிருந்து பாய்ச்சிப் பல படங்கள் எடுத்துக் கணனியிலே ஒன்றாக்கினால், திரையிலே விளக்கை எந்தப் பக்கமும் நகர்த்திப் பார்க்கலாம். பெரிய கருவிகள் வேண்டியதில்லை. என் மாணவர் இருவர் ஒரு கைத்தொலைபேசியும் ஒரு ரோச் லைற்றும் கொண்டு இதன் எளிய வடிவத்தைச் செய்து பார்த்தனர்.

ஆனால் எதன்மேல் செய்வது? இங்கேதான் நாம் நம் கோயில் வாசலுக்கு வந்து நிற்கின்றோம். மட்டக்களப்பு, அம்பாறைக் கரையோரக் கண்ணகியம்மன் கோயில்களிலே வைகாசித் திங்களிற் கதவு திறந்து, குளிர்த்தி வரைக்கும் 'கண்ணகி வழக்குரை' படிக்கப்படுகின்றது. இதே கதை முல்லைத்தீவுப் பகுதியிலே 'சிலம்பு கூறல்' எனவும், யாழ்ப்பாணத்திலே 'கோவலனார் கதை' எனவும் வழங்கும். 1968 இல் பண்டிதர் வி. சீ. கந்தையா அவர்கள் வழக்குரையைப் பதிப்பித்தார்கள். எனினும் ஊருக்கு ஊர் ஏடு உண்டு. ஏட்டுக்கு ஏடு பாடபேதம் உண்டு. எந்த ஊர் ஏட்டிலிருந்து எந்த ஊர் படி எடுத்தது என்று தெரிந்தால், அந்த ஊர்களின் உறவும் குடிப்பெயர்ச்சியும் கூடத் தெரியவரலாம்.

இதற்கும் கணனி வழி உண்டு. 1998 இல் இங்கிலாந்திலே, சோசர் என்ற பழம்புலவரின் கன்ரபரிக் கதைகளில் ஒரு பகுதிக்குக் கிடைத்த பதினைந்தாம் நூற்றாண்டுச் சுவடிகள் ஐம்பத்தெட்டினை எடுத்து, உயிரினங்களின் வமிசம் காணும் கணக்கிலே போட்டார்கள். ஒரு விலங்கின் மாற்றம் அதன் குட்டிக்குப் போவதுபோல, ஒரு படியின் பிழை அடுத்த படிக்குப் போகும். ஒரே பிழையை உடைய ஏடுகள் ஒரே தாயின் பிள்ளைகள். உ. வே. சா. போன்றோர் தம் நினைவாற்றலினால் ஊகித்ததைக் கணனி பல்லாயிரம் இடங்களிலே ஒரேநேரத்தில் எண்ணிப் பார்க்கின்றது. பிழையைத் திருத்தி எறிந்துவிட்டு ஏட்டைப் பதிப்பித்தால் இந்த வமிசத்தைக் காணமுடியாது. நேற்றுவரை குப்பையென்று நாம் கழித்த பிழையே இன்று சான்றாகின்றது.

ஒரு கோயிலின் வண்ணக்கரிடம் இதனையெல்லாம் விளக்கி அனுமதி கேட்டேன். அவர் தலையசைத்தார். கப்புகனார் கேட்ட கேள்விதான் என்னை நிறுத்திற்று. "சேர், அம்மாளுடைய ஏடு வைகாசியில மட்டும்தான் திறக்கிறது. நீங்க படம் புடிச்சா அது வருசம் முழுக்கத் திறந்து கிடக்குமே?" என்றார். நான் உடனே மறுமொழி சொல்லவில்லை. இப்போதும் முழு மறுமொழி என்னிடம் இல்லை. அவருக்கு அது நூல் அன்று, அம்மன். படத்தை எடுத்துக் கோயிலாரிடமே ஒப்படைத்து, யார் எப்போது பார்ப்பது என்பதை அவர்களே தீர்மானிக்கலாம் என்று பின்னர் சொல்லியனுப்பினேன். அறிவு எல்லோருக்கும் பொது என்று மேடையிலே முழங்குவது எளிது. ஆனால் ஹியூ நெவில் காலத்திலும் ஏட்டுக்கு உடையவர்களின் கருத்தை எத்தனை பேர் கேட்டிருப்பார்கள்?

படத்தை எடுத்தாலே காரியம் முடிந்தது என்ற எண்ணமும் பரவலாக உண்டு. 2023 ஒக்ரோபரிலே பிரித்தானிய நூலகத்தின் கணனிகளைத் திருடர் முடக்கினார்கள். உலகத்தார் இலவசமாகப் பார்த்துவந்த சுவடிப் படங்கள் பல மாதங்களாகக் கண்ணிலே படவில்லை. சுவடிகள் பத்திரமாக அலுமாரியில் இருந்தன; படங்கள்தான் மறைந்தன. நெருப்பும் தண்ணீரும் போதாதென்று இது மூன்றாவது. என் புளொப்பியைப் பற்றி முன்னரே சொல்லிவிட்டேன்.

இன்னொன்றும் உண்டு. படங்கள் ஆயிரமாயிரமாகக் குவிய, படிப்பவர் குறைகின்றனர். அச்செழுத்தைக் கணனி இப்போது நன்றாக வாசிக்கின்றது. ஐரோப்பியக் கையெழுத்துக்களை வாசிக்கும் செயலிகளும் வந்துவிட்டன. ஆனால் அவற்றுக்கு முதலில் ஒருவர் நூற்றுக்கணக்கான பக்கங்களைத் தாமே வாசித்து, இது இன்ன எழுத்து என்று காட்டிக் கொடுக்க வேண்டும். கூத்துக்கு அண்ணாவியார் போல இயந்திரத்துக்கும் ஓர் அண்ணாவியார் வேண்டும். 'பாவை'யா 'பரவை'யா என்று தீர்க்க யாப்பும் அகராதியும் அறிந்த அண்ணாவியார் வேண்டும். எங்கள் பாடத்திட்டத்திலே ஏடு வாசித்தல் ஒரு பாடவேளைக்குக்கூட இல்லை. நான் வெள்ளிக்கிழமைகளில் பாடசாலை விட்டபின் ஏழெட்டுப் பிள்ளைகளை வைத்துக்கொண்டு பழக்குகின்றேன். நானே அரைகுறை.

இனி அந்தக் கேள்விக்குறிக்கு வருவோம்.

தமிழ் எழுத்துக்களுக்கு யூனிகோட் என்னும் உலகப் பொதுக் குறியீட்டில் 1991 இலேயே இடம் கிடைத்தது. முந்திரி, மாகாணி, அரைக்கால் முதலிய பின்னங்களுக்கும் அளவைக் குறிகளுக்கும் அப்போது இடமில்லை. 2019 இல்தான் ஐம்பத்தொரு குறிகள் புதிதாகச் சேர்க்கப்பட்டன. கணக்கு ஏடு, காணி ஏடு, வாகட ஏடு ஆகியவற்றை உள்ளபடி பதிவதற்கு அன்றுதான் கதவு திறந்தது. இந்தச் செய்தியை நான் ஓர் ஆசிரியர் கூட்டத்திலே சொன்னேன். அங்கே மருதமுனையைச் சேர்ந்த ஒரு கணித ஆசிரியர் இருந்தார். புலவர்மணி ஷரிபுத்தீன் அவர்களின் ஊர். அங்கே தமிழார்வத்துக்குக் குறைவில்லை. கூட்டம் முடிந்ததும் என்னிடம் வந்து, தம்முடைய வாப்பாவின் வாப்பாவும் பரிசாரியார் என்றும், அவருக்குப் பெரியநீலாவணைப் பரிகாரியார் ஒருவர் உற்ற சிநேகிதர் என்றும், இருவரும் வாகடங்களை மாறிமாறிப் படி எடுத்ததாக வீட்டில் சொல்வார்கள் என்றும் கூறினார். அந்தப் பெரியநீலாவணைப் பரிகாரியார் எங்கள் அம்மப்பா.

இரண்டு நாளில் ஒரு கொப்பி வந்தது. 1950களில் எழுதியது. அதுவும் சுனாமித் தண்ணீரில் ஊறிக் காய்ந்தது. முன்பாதி எழுத்துத் தெரிகின்றது. பின்பாதியிலே மங்கிய மஞ்சள் மாத்திரமே உண்டு. அக்காலத்து நீலக்கறுப்பு மைகளிலே இரும்புச் சேர்மானம் உண்டு என்பது நினைவுக்கு வந்தது. நீலம் கழுவுண்டு போனாலும் இரும்பு கடதாசியை விட்டுப் போகாதல்லவா? ஸ்ரான்போர்ட்டின் கதிர் எங்களிடம் இல்லை. கள்ளநோட்டைப் பிடிப்பதற்குக் கடைகளில் வைத்திருக்கும் ஊதா ஒளி ரோச் ஒன்றை ஒரு மாணவன் கொண்டுவந்தான். அறையை இருட்டாக்கி அதனைப் பிடித்தபோது கடதாசி வெளிறி ஒளிர்ந்தது. எழுத்து இருந்த இடங்கள் கருமையாக நின்றன. எல்லாம் அல்ல, அங்கங்கே. படம்பிடித்துக் கணனியிலே நிறத்தைக் கூட்டிக் குறைத்துப் பார்த்தோம். மாந்தக் குளிசை கிடைத்தது. சுக்கு, வசம்பு, கடுக்காய், இலிங்கம். அந்த வரி அம்மப்பாவின் வரிதான். என் பதினொரு பக்கத்தில் உள்ளதற்கும் அதற்கும் ஒரு சொல்கூட வேறுபாடில்லை. என் கேள்விக்குறி நின்ற இடத்திலே ஒரு குறி இருந்தது.

மாணவன் அதனை மாகாணி என்றான். கணித ஆசிரியர் சற்றுநேரம் உற்றுப் பார்த்துவிட்டு அரைக்கால் என்றார். ஒன்று மற்றதன் இருமடங்கு. குறியின் வால் போகும் இடத்திலே தண்ணீர்க் கறை. பரிசாரியார் ஓலையைச் சரியாகப் பார்த்துத்தான் எழுதினாரா என்பதற்கும் ஓலை இல்லை. நான் இப்போது யூனிகோடில் இரண்டு குறிகளையும் பதிந்து, கொப்பியின் படத்தைப் பக்கத்திலே வைத்திருக்கின்றேன். கேள்விக்குறியை எடுக்கவில்லை.

கொப்பியை அன்றிரவே திருப்பிக் கொடுத்துவிட்டேன். படங்கள் நாற்பத்தாறு. ஒரு படி என்னிடமும், ஒரு படி மருதமுனையிலும், மற்றொன்று கொழும்பிலுள்ள என் தம்பி வீட்டிலும் இருக்கின்றன.